மேற்காட்டுக் கல்தொட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

இது உரக்கடையில் கொடுத்த டைரி. வீட்டுக்காரர் பெயருக்குத்தான் கொடுத்தார்கள். அவர் மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், அதை எழுத ஒரு புத்தகமா என்று நான் எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். படிக்கப் போவதும் கோழிதானே.

எங்கள் மேற்காட்டு நிலத்தின் வடக்கு மூலையில் பண்ணைக்குட்டை வெட்டும்போது ஜேசிபியில் ஒரு கல்தொட்டி தட்டுப்பட்டது. ஒரே கல்லைக் குடைந்து செய்தது. அதன் மேலே மூடி மாதிரி ஒரு பலகைக்கல். அதைப் பார்க்க இன்றைக்குத் தொல்லியல் ஆட்கள் வந்தார்கள். தலைவி ஒரு பெண். தமயந்தி என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் வைக்கோல் தொப்பி.

"இது ரொம்ப முக்கியமான இடம்ங்கய்யா. மண்ணுல செஞ்சது நிறைய கிடைக்குது. கல்லுல கிடைக்கிறது அபூர்வம். ரெண்டு மாசம் தோண்டிப் பாத்துட்டு திரும்ப நிரவிக் கொடுத்துடுவோம்" என்றாள்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் அவர்கள் வாயைத் திறந்தார்கள். "முடியாதுங்க."

"ஏனுங்க மாமா, அங்க என்ன கரும்பா வெச்சிருக்கறீங்க? போன வருசம் போட்ட கடலைக்காய மயிலுதான் தின்னுது. இவுங்க தோண்டுனா உழவு மிச்சமுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடமே சொன்னார். "வடக்கு மூலையில மட்டுந்தானுங்க. தெக்கால வரக் கூடாது."

மொத்தம் ஏழு வார்த்தை. இந்த மாத பாக்கி தீர்ந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேனாவை மண்வெட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

தோண்டுவதற்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். நானும் அடுத்த தோட்டத்துப் பாவாயி அக்காவும் போனோம். சொந்தக் காட்டிலேயே கூலிக்குப் போகிற பண்ணையக்காரி ஊரில் நான் ஒருத்திதான்.

கயிறு கட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்து, கரண்டியால் சுரண்டி, பிரஷ்ஷால் கூட்டுகிறார்கள். நம் வீட்டு வாசலை இப்படி ஒருநாள் கூட்டியிருப்போமா? "மேடம், பல்லு வெளக்கி உடறாப்பல இருக்குதுங்க" என்றேன். சிரித்தாள். சிரித்தால் பல் வரிசை அழகு.

எனக்குச் சல்லடை வேலை. தோண்டிய மண்ணைச் சலித்து, ஓடு, மணி, எலும்பு எது வந்தாலும் தனியாக வைக்க வேண்டும். மத்தியானம் தமயந்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கள மாதிரி பொறுமையா யாரும் சலிக்கலம்மா. ஒவ்வொரு பிடி மண்ணையும் பாக்கறீங்க."

"போன தீவாளிக்கு மூக்குத்தி தொலைஞ்சுதுங்க மேடம்" என்றேன். பாவாயி அக்கா சிரிக்கவில்லை, குனிந்துகொண்டாள்.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். எங்கள் பெண் கோகிலா இந்த மேற்காட்டில் எங்கேயோ இருக்கிறாள். இரண்டரை வயதில் போனவள். இருபத்தொரு வருசம் ஆகிறது. எங்களில் சின்னக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். பொம்பளைகள் கூடப் போகிற வழக்கம் இல்லை. பெற்றவளுக்கு இடத்தைக் காட்டவும் மாட்டார்கள். காட்டினால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம், அடுத்த பிள்ளை தங்காதாம். என் மாமனாரும் வீட்டுக்காரரும்தான் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் சொல்லமாட்டார். அடுத்த பிள்ளை எப்படியும் வரவில்லை.

காடு நாலு ஏக்கர். எங்கே கால் வைக்கக் கூடாது என்று தெரியாததால் நான் காட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை.

சல்லடை வேலைக்கு இதற்காகப் போகவில்லை. வீட்டில் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, அதனால் போகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டாவது தொட்டியின் மூடியை இன்று தூக்கினார்கள். ஆறு பேர் கடப்பாரை போட்டார்கள். உள்ளே மண், நாலு சிவப்பு மணி, கறுப்பும் சிவப்புமாகச் சின்னக் கிண்ணம் ஒன்று, உடைந்த எலும்பு. எல்லோரும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"அத்தன காலத்துக்கு முன்னாடியே மாட்டுக்குத் தண்ணி காட்ட இத்தன வேலைப்பாடா செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"மாட்டுக்கு இல்லம்மா. இது செத்தவங்கள வெச்சது. எலும்ப உள்ள வெச்சு, அவங்களுக்குப் பிடிச்சத கூட வெச்சு, மூடிடுவாங்க."

பாவாயி அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பி, "அடி ஆத்தா. பூவா, உங்க கட்டுத்தறியில கெடந்துச்சே, அதுவும்..." என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க கட்டுத்தறியில எரும கெடந்துச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாடு உதைத்துப் பால் சொம்பு உருண்டது. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

கல்யாணமான புதிதில் இவர் மேற்காட்டை உழும்போது ஒரு கல்தொட்டி கிடைத்தது. மூன்று முழ நீளம் இருக்கும். மூடி உடைந்து போயிருந்தது. வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். உள்ளே கிடந்த மண்ணைக் கொட்டிக் கழுவியது நான்தான். கட்டுத்தறியில் போட்டோம். மாடுகள் அதில்தான் தண்ணீர் குடித்தன. "ஊருல புருசங்காரன் பொண்டாட்டிக்குத் தோடு வாங்கியாறான், எங்கூட்டுல கல்லுத் தூக்கியாறாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஏழு வருசம் இருந்தது.

அப்புறம் ஒருநாள் அது கட்டுத்தறியில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. இல்லாமல் போனதே போதும் என்றிருந்தது.

இன்று சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். "ஏனுங்க, அந்தக் கல்தொட்டியெல்லாம் பொணம் வெக்கறதாமா. நம்மு மாட்டுக்கு நாம அதுல தண்ணி காட்டியிருக்கறோம்."

பிசைந்த சோறு அப்படியே கையில் நின்றது. "ஆரு சொன்னா?" என்றார்.

"தமயந்தி மேடம்."

கையைத் தட்டில் உதறிவிட்டு எழுந்து போனார். புளிக்குழம்பு அவருக்குப் பிடித்த குழம்பு.

பிப்ரவரி 19, புதன்

இன்று என் வாய் ஒரு வேலை செய்துவிட்டது. என்ன வேலை என்று இப்போது தெரியவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னதிலிருந்து அவர் சரியாக இல்லை.

வடக்கு மூலையில் மூன்று தொட்டி கிடைத்தது, அத்தோடு முடிந்தது. தமயந்தி இடுப்பில் கை வைத்துக் காட்டைச் சுற்றிப் பார்த்தாள். தென்பக்கம் ஒரு கட்டில் அகலத்துக்கு உழாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. சுற்றி உழுதிருக்கும், அது மட்டும் புல் முளைத்துக் கிடக்கும்.

"அது ஏன் அப்படியே விட்ருக்கீங்க?"

"அடியில பாறை இருக்குதாமுங்க, கலப்பை ஒடஞ்சு போகுமாமா. இருவது வருசமா இதே கதை. எந்த ஊருல மேடம் கட்டலு அகலத்துக்குப் பாறை இருக்கும்? அங்க தோண்டுங்க. என்ற ஊட்டுக்காரரோட சோம்பேறித்தனந்தான் பொதஞ்சு கெடக்கும்" என்றேன்.

சிரித்தார்கள். ஆனால் தமயந்தியின் கண் மாறிவிட்டது. "கலப்பையே படாத இடம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அங்கே கயிறு கட்டியாகிவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

அவர் காட்டுக்கு வந்தார். தோண்ட ஆரம்பித்திருந்தார்கள், இன்னும் ஒன்றும் வரவில்லை. "இங்க வேண்டாமுங்க. நா வடக்க மட்டுந்தானுங்க சொன்னேன்" என்றார்.

தமயந்தி மரியாதையாகவே பேசினாள். "நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல சர்வே நம்பர் முழுசும் இருக்குங்கய்யா. ஒரே ஒரு குழிதான்."

"பாறைங்க."

"பாறைன்னா விட்டுடறோம்."

அவர் போகவில்லை. குழி ஓரத்தில் வெயிலில் குந்தி உட்கார்ந்துகொண்டார். "மாமா, தொப்பி வேணுமுங்களா?" என்று கேட்டேன். தலையில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று மணி வாக்கில், ஒன்றரை அடியிலேயே பலகைக்கல் தட்டுப்பட்டது. மற்றதெல்லாம் ஆள் ஆழத்தில் இருந்தது, இது மட்டும் இவ்வளவு மேலே இருக்கிறதே என்று தமயந்திக்கு ஒரே குழப்பம், ஒரே சந்தோஷம். நாளைக்குத் தூக்கலாம் என்று தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

அவர் வீடு வரைக்கும் எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். எப்போதும் முன்னால் போகிறவர்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார்.

"அந்தக் கல்ல அவுங்க நகத்தக் கூடாது பூவா."

"ஏனுங்க, உள்ள பொதையல் வெச்சிருக்கறீங்களா?"

"கோகி இருக்கறா."

தோசை கருகும் வாசம் வந்தது. எடுத்துத் தட்டில் போட்டு அவருக்கே வைத்தேன். அவர் அதைத் தின்றார். கருகினதையும் விடாமல் தின்றார்.

அப்புறம் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். இருபத்தொரு வருசத்துப் பேச்சு.

"அந்தத் தொட்டிய என்ன பண்றதுன்னு தெரியல. கட்டுத்தறியில கெடந்தா நீ நித்தமும் பாக்கோணும். சம்மட்டி எடுத்துட்டுப் போனேன், அடிக்க வரல. எங்கய்யன், வெறும் மண்ணுல வெச்சா நாய் தோண்டிப் போடுமுன்னாங்க. அப்பறம் அதுலயே வெச்சோம். தட்டுக்கல்லு ஒண்ணு கொண்டாந்து மூடுனோம். தாய்க்காரிக்குச் சொல்லக் கூடாதுன்னு அய்யன் என்ற கையில சத்தியம் வாங்கிட்டாங்க."

"அய்யன் போயி பன்னண்டு வருசமாச்சுங்க" என்றேன்.

"ஆமா."

"அதுக்கப்பறமாச்சும்?"

"அதுக்கப்பறம் எப்பிடிச் சொல்றது? எந்தத் தொட்டியிலன்னு நீ கேப்பியே."

அவர் அழுதார். நான் மாட்டுக்குத் தீவனம் போடப் போனேன். எருமைக்குட்டி கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது, பிரித்துவிட்டேன். வேலைக்கு வரவில்லை, காய்ச்சல் என்று பாவாயி அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். காட்டுக்காரர் வரும்வரை கல்லைத் தொடக் கூடாது என்றும் சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 22, சனி

அந்தத் தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பியது நான்.

சித்திரை மாதம். வெயில். மாடுகள் மேய்ந்து வரும்போது தாகமாக வருமே என்று நிரப்பினேன். கோகி அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப்புறம் பாவாயி அக்கா விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். வேலியைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கோகி எழுந்து வந்தது தெரியவில்லை. கட்டுத்தறியில் சத்தம் வந்திருக்கும். கொஞ்சமாவது வந்திருக்கும். எங்கள் சிரிப்புதான் பெரிதாக இருந்தது.

காரியம் முடிந்து மாதம் ஆவதற்குள் நான் மறுபடி யாரையோ கேலி பேசினேன். பெத்த பிள்ளை போயும் இவள் வாய் ஓயவில்லை பார் என்று ஊர் பேசியது. என் காதிலேயே பேசினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நான் பேசாமல் இருந்தால் உள்ளே தண்ணீர் கேட்கும். பேசிக்கொண்டே இருந்தால் கேட்காது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கோழிதானே படிக்கப் போகிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இருவரும் சேர்ந்து போனோம். ஆட்கள் வருவதற்கு முன்னால், தமயந்தி மட்டும் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் சரியாடுச்சாம்மா?"

"மேடம், அந்த நாலாவது தொட்டி உங்க காலத்துது இல்லீங்க. எங்க காலத்துது" என்றேன்.

முதலில் கேலி என்று நினைத்துச் சிரிக்கப் போனாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மீதியை அவர் சொன்னார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான்தான் அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தேன் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்கும். எனக்கு நினைவிருந்தது.

டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள். "திறந்தா நான் எழுதணும்மா. எழுதுனா தாசில்தார், போலீஸ், எல்லாரும் வருவாங்க. எலும்பு சோதனைக்குப் போகும். எப்ப திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. திறக்கலன்னா, நிலத்துக்காரர் இந்தக் குழிக்கு ஒத்துக்கலன்னு எழுதி மூடிடலாம். அது உண்மைதான். ஆனா..."

"சொல்லுங்க மேடம்."

"உங்களுக்குப் பாக்கணும்னு இருந்தா, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அவ சொல்லட்டுமுங்க. அன்னிக்கு ஆரும் அவளக் கேக்கல" என்றார்.

குழிக்குள் இறங்கினேன். தார்ப்பாயை எடுத்தார்கள். தட்டுக்கல் ஒரு ஓரத்தில் சரியாக உட்காரவில்லை. விரல் நுழைகிற சந்து இருந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டேன். குளுகுளுவென்று இருந்தது. வெளியே வெயில் காய்கிறது, அதற்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. இருபத்தொரு வருசமாக இடம் தெரிய வேண்டும், பார்க்க வேண்டும் என்று இருந்தவள் நான். இரண்டு பேர் கடப்பாரை போட்டால் போதும். எனக்குப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதைப் பொய் சொல்லமாட்டேன்.

கழுத்து மடிப்பில் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும் அவளுக்கு. எண்ணெய் வைத்துச் சீவினால் இரண்டு நிமிசத்தில் முடி மறுபடி நெட்டுக்குத்தாக நிற்கும். அதெல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது. எலும்பைப் பார்த்தால் எலும்பு வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

விரலை எடுத்தேன். சந்தில் ஈர மண்ணை வைத்து அப்பினேன், அடுப்பு விரிசலுக்கு வைப்பது மாதிரி.

"மூடிருங்க மேடம்."

மூன்று கைப்பிடி மண் போட்டேன். அன்றைக்கு ஆம்பளைகள் போட்டது. எனக்கு அப்போது கொடுக்கவில்லை. அப்புறம் வந்த ஆட்களில் பாவாயி அக்காவும் இருந்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளும் குனிந்து மண்ணை அள்ளினாள்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. மாடு சினைக்கு நிற்கிறது, ஊசி போட டாக்டருக்குப் போன் செய்தேன்.

மார்ச் 1, சனி

தொல்லியல் ஆட்கள் வடக்குப் பக்கமே முடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். தமயந்தி வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போனாள். ராகி உருண்டை கொடுத்து அனுப்பினேன். "ஒரு கேலியும் இல்லாம அனுப்பறீங்களேம்மா" என்றாள். தொப்பியைச் சரியாக மாட்டிவிட்டேன்.

அவள் போன பிறகு வீட்டுக்காரர் கேட்டார். "அன்னிக்குப் பாவாயிகூட எதுக்குச் சிரிச்சீங்க?"

"கேட்டுச்சுங்களா?"

"களத்துல இருந்தேன். உன்ற சிரிப்பு கேட்டுச்சு. ரண்டு பேரும் எதுக்கோ சிரிக்கறாங்கன்னு நெனச்சு நானும் சிரிச்சுக்கிட்டேன்."

யோசித்தேன். வேலி ஞாபகம் இருக்கிறது. அவள் கையிலிருந்த விறகு ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னேன் என்பது இல்லை. பாவாயி அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் சுளகு நின்றது.

"நானும் இத்தன வருசமா யோசிக்கறேன் அம்மிணி. வர மாட்டேங்குது. ஒண்ணுமில்லாததுக்குத்தான் சிரிச்சிருப்போம்" என்றாள்.

அவரிடம் வந்து அதையே சொன்னேன். "ஒண்ணுமில்லாததுக்குங்க."

"செரி" என்றார். திட்டுவார் என்று இருபத்தொரு வருசம் காத்திருந்தேன். "செரி, உடு" என்றார்.

மார்ச் 3, திங்கள்

மத்தியானம் இரண்டு பேரும் மேற்காட்டுக்குப் போனோம். மண் இன்னும் புதிதாகக் குவிந்திருக்கிறது. மழை பெய்தால் அமரும். அவர் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தார். எத்தனையோ வருசம் களை எடுக்கும்போது நிழலே இல்லாத இந்த இடத்தில்தான் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன், பயிர் இல்லாத இடம் என்று. தெரியாமலே வந்திருக்கிறேன் பார்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் தோன்றியது.

"ஏனுங்க, தல எந்தப் பக்கம்?"

அவர் போசியை ஓரமாக வைத்தார். பிறகு கையைக் காட்டினார். "கெழக்க. தூங்கறப்ப கெழக்கதானே தல வெச்சிருப்பா."

நான் மேற்கே உட்கார்ந்திருந்தேன். கால்மாடு. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, சுற்றிப் போய், இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.